வெண்கோடு

மையவிலக்கியில் சுழற்றி எடுத்த ரத்தச் சோதனைக்குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, நடுவில் பாலாடைபோல மெல்லிய வெண்கோடு. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் படிந்த அடுக்கு அது. மொத்த ரத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ரத்தம் உறைவது பற்றிப் பேச்சு வந்தால் தட்டணு, ஃபைப்ரின் என்ற புரத இழை என்று முடித்துவிடுகிறோம். கூடவே படிந்திருக்கும் வெள்ளணுவுக்கும் அதில் பங்கு உண்டு.

*

2004இல் பெர்லின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பிரிங்க்மன், ஸிக்லின்ஸ்கி குழுவினர் கண்டது: நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு தன் டி.என்.ஏ.வையே இழை இழையாக வெளியே வீசிக் கிருமியைச் சிக்கவைக்கிறது. இழை நெடுக எலாஸ்டேஸ், கத்தெப்சின் ஜி, மயலோபெராக்ஸிடேஸ் ஆகிய நொதிகள் ஒட்டியிருக்கின்றன. (சீழுக்குப் பச்சைச் சாயல் தருவது இந்தக் கடைசி நொதிதான்.)

வெளியே வீசுவதற்கு முன், சுருட்டிக் கட்டிய டி.என்.ஏ.வைத் தளர்த்திவிடுவது பேட்-4 என்ற இன்னொரு நொதி. அது இல்லாமல் பிறந்த எலிகளுக்கு, சிரையில் ரத்த ஓட்டத்தைக் குறைத்தாலும் ரத்தக்கட்டி உருவாவது அரிது.

*

உறைதலுக்கு உடம்பிலேயே ஒரு பிரேக் உண்டு: உறைதலைத் தொடங்கிவைக்கும் திசுக்காரணியை அடக்கும் புரதம். எலாஸ்டேஸ் அதை வெட்டிவிடுகிறது. கத்தெப்சின் ஜி தட்டணுக்களை உசுப்புகிறது. போதாததற்கு டி.என்.ஏ. இழைகளின் வலையே சாரமாக நின்று தட்டணுக்களையும் சிவப்பணுக்களையும் பிடித்துவைக்கிறது.

*

என்னை நாள்கணக்கில் யோசிக்கவைத்தது இதுதான்: அதே எலாஸ்டேஸ் ஃபைப்ரினையும் வெட்டும்! ஆய்வாளர்கள் ப்ளோவும் எட்ஜிங்டனும் 1975இலேயே எழுதியிருக்கிறார்கள். கட்டியைக் கரைப்பது பிளாஸ்மின் என்ற நொதியின் வேலை என்று படித்தோம். வெள்ளணு நொதிகளும் கரைக்கின்றன, ஆனால் வெட்டும் இடங்கள் வேறு. ஆக இந்த நொதியை நல்லது, கெட்டது என்று பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கே, எப்போது, எவ்வளவு என்றுதான் கேட்கவேண்டும்.

*

பக்கவாத நோயாளிகளிடமிருந்து எடுத்த ரத்தக்கட்டிகளிலும் இந்த வலை இருக்கிறது. கரைக்கும் மருந்து ஃபைப்ரினைத்தான் குறிவைக்கிறது, டி.என்.ஏ. இழை அப்படியே நிற்கும். ஆய்வகத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் நொதியையும் சேர்த்தால் கட்டி சீக்கிரம் கரைகிறது.

*

கிருமிக்கு வீசும் வலை ரத்தத்தையும் உறையவைக்கும் என்பதால் இது வியப்பில்லை: நிமோனியா வந்து படுத்து எழுந்தவர்களுக்கு அடுத்த சில வாரங்கள் காலில் ரத்தம் கட்டும் அபாயம் கூடுதல். காய்ச்சல் விட்டதென்று வீட்டுக்கு அனுப்பும்போது நான் தவறாமல் சொல்வது: ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைச்சதை வலித்தாலோ, தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், அன்றைக்கே வந்துவிடுங்கள்.