தாழை மரத்து நீலப் பல்லி

2023 மார்ச் 11, சனி. டோர்ட்முண்ட்

பின்னேரம் பல்லிச் சோடி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தால் ஆண் பல்லி கன்னங்கரேலென்று கிடக்கிறது. "நீலம் எண்டுதானே சொன்னனீங்கள் அப்பா?" என்று மகளின் முகம் வாடிவிட்டது. பயந்தால் கறுக்கும், இரண்டு நாள் கரைச்சல் குடுக்காமல் விடு என்று வளர்ப்பவர் சொல்லித்தான் அனுப்பினார். பெட்டி 45 சென்ரிமீற்றர் அகலம், 60 உயரம். மூங்கில் குழாய்களை நிமிர்த்தி வைத்து, மேலே ஒரு சூட்டு விளக்கும் ஒரு புறஊதா விளக்கும் பொருத்தியிருக்கிறேன். இரண்டு பல்லிகளுக்கும் உரிய பத்திரங்களை மேசை லாச்சியில் பூட்டி வைத்தேன்.

மார்ச் 13, திங்கள்

காலமை விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்தில் ஆண் மூங்கிலின் உச்சிக்கு ஏறியது. கறுப்பு மெல்ல மெல்லக் கலைந்து, நீலம் மேலெழுந்து வந்தது. தொண்டை மட்டும் கறுப்பாகவே நின்றது, வயிறு செம்மஞ்சள். மகள் பள்ளிக்கூடப் பையோடு அப்படியே நின்றுவிட்டாள். பெண்ணுக்கு அந்த நீலம் இல்லை, செம்பும் பச்சையும் கலந்த நிறம். அது எனக்கு இன்னும் வடிவாகப் படுகிறது.

ஊருக்குத் தொலைபேசி எடுத்தபோது அம்மாவுக்குச் சொன்னேன். "பல்லியைக் காசு குடுத்து வாங்கினியோ? இஞ்ச சுவரெல்லாம் சும்மா திரியுது!" கொஞ்சம் பொறுத்து, "எந்தத் திசையில இருந்து சொல்லுது?" என்று கேட்டா. பஞ்சாங்கத்தில் பல்லி சொல்லும் பலன் பார்த்தே வளர்ந்த வீடு எங்களுடையது. இது இன்னும் ஒன்றும் சொல்லவில்லை அம்மா என்றேன்.

ஏப்ரல் 2, ஞாயிறு

இந்தப் பல்லியின் ஊரைப் பற்றி இரவிரவாக வாசித்தேன். தன்சானியாவின் கிழக்கே, உலுகுரு மலையடிவாரத்தில், கிம்போசா என்று ஒரு சின்னக் காடு. அதிலும் அதைச் சுற்றியுள்ள சில காட்டுத் துண்டுகளிலும் மட்டுமே இது இருக்கிறது. அங்கேயும் கண்ட மரத்தில் ஏறாது. ஒரே ஒரு வகைத் தாழையில்தான் குடியிருக்கும். தாழை என்றதும் நெஞ்சு ஒருமுறை நின்றது. வேறு வகைதான், ஆனாலும் எங்கள் கடற்கரைத் தாழைக்கு அது உறவு. அந்த மடலிடுக்குகளில் கை விட்டு முள் கீறிய தழும்பு எனக்கு இன்னும் இருக்கிறது. அங்கே பல்லி அதேபோன்ற இடுக்குகளுக்குள் ஒளிந்துகொண்டு வெயிலுக்கு வெளியே வருமாம்.

மடலுக்குள் இருப்பதைப் பிடிக்க மரத்தையே வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் தொடக்கம் 2009 ஜூலை வரை ஒரே ஒரு பிடிகாரர் கூட்டம் மட்டும் 32,000க்கு மேல் பிடித்திருக்கிறது. அவை எங்கே போயின? எங்களைப் போன்றவர்களின் கண்ணாடிப் பெட்டிகளுக்குத்தான். பல்லியோடு அதன் வீடும் போயிற்று. 2012இல் இது அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று பட்டியலிடப்பட்டது. காட்டில் பிடித்ததை வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோவதை 2017 ஜனவரியில் சைற்றிஸ் என்ற உயிரின வணிக உடன்படிக்கை தடுத்தது. அதனால்தான் லாச்சியில் அந்தப் பத்திரங்கள்.

மே 13, சனி

ஒரு ஊர்வனச் சந்தைக்குப் போனேன். ஒருவன் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, நான் கொடுத்ததில் அரைவாசி விலைக்கு ஒரு ஆண் பல்லியைக் காட்டினான். பத்திரம் கேட்டேன். "பத்திரத்தை வளர்க்கப் போறியா, பல்லியை வளர்க்கப் போறியா?" என்றான். வாலின் நுனி இல்லை, இடுப்பெலும்பு துருத்தி நின்றது. இந்த இனத்துக்கு வால் நுனியின் அடியிலும் ஒட்டுத்தகடு உண்டு, ஐந்தாவது கால் மாதிரி. அதுவும் போய்விட்டிருந்தது. பாவப்பட்டு வாங்கினால் அந்த இடத்துக்கு இன்னொன்று பிடிபட்டு வரும். வாங்கவில்லை. வீடு வரும் வரை அதன் கண்தான்.

ஜூன் 18, ஞாயிறு

பெண்ணின் கழுத்தின் இரு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் புடைத்திருந்ததைக் கண்டு முதலில் கட்டி என்று பயந்தேன். அது சுண்ணாம்புப் பை; முட்டை ஓட்டுக்கான சேமிப்பு. பழ ஈயைச் சுண்ணாம்புத் தூளில் பிரட்டிக் கொடுத்ததற்குப் பலன் இன்று கிடைத்தது. மூங்கில் குழாயின் உட்சுவரில் இரண்டு முட்டைகள், மிளகைவிடச் சற்றுப் பெரியவை. ஒட்டியதைப் பிய்க்கப் போனால் உடைந்துவிடும். குழாயோடு தூக்கி வேறு பெட்டியில் வைத்தேன்.

ஓகஸ்ட் 30, புதன்

முதல் குஞ்சு. 73 நாள். ஒரு அங்குலம்தான் இருக்கும். ஆனால் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற நிமிர்வைப் பார்க்க வேண்டும்! மற்ற முட்டையில் கீறல் விழுந்திருக்கிறது.

செப்ரெம்பர் 1, வெள்ளி

இரண்டாவதும் வந்துவிட்டது. பிறந்த தேதிகளையும் தாய் தகப்பனின் பத்திர எண்களையும் எழுதி, இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு இன்றே அனுப்பினேன். வேலையிடத்து நண்பர் ஒருவர் குஞ்சை விலைக்குக் கேட்டார். விற்பனைப் பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் தருவேன் என்றேன். காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.