ஆரன் அடிச்சா வண்டி நிக்குமா?

"பிள்ள திடீர்னு குறுக்க வந்துட்டான் சார். நான் ஆரன் அடிச்சேன்லா!"

விபத்துப் பிரிவில் டிரைவர்கள் என்னிடம் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான். பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே 'திடீர்'னுதான் தெரிந்திருக்கும்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடும். பிள்ளையைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போகவே அந்த ஒரு நொடி ஆகிவிடும். அதே ரோட்டில் 30-ல் வரும் கார் 13, 14 மீட்டருக்குள் முழுசாக நின்றுவிடும். அதாவது 30-ல் வந்தவர் நின்றுவிட்ட இடத்தில், 60-ல் வந்தவர் இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டார். உப்பு ஏற்றிய லாரி என்றால் நிற்க இன்னும் தூரம் வேண்டும்.

'பிள்ளை பார்த்து வரக்கூடாதா?'ன்னு கேட்பீங்க. எட்டு, ஒன்பது வயசுல வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்குன்னு தெரியும். எவ்வளவு வேகமா வருதுன்னு கணிக்கிற திறன் முழுசா வந்திருக்காது. வளர்ப்பில் குறை இல்லை, மூளை இன்னும் வளருது.

உயரமும் ஒரு காரணம். பெரியவருக்குக் காலில் படும் பம்பர், சின்னப் பிள்ளைக்குத் தொடையில் படும்; பானெட் நெஞ்சில்; தூக்கி எறியப்பட்டு தலை தரையில். தொடை எலும்பு முறிந்து வரும் பிள்ளைக்கு நாங்கள் வயிற்றையும் தலையையும் சேர்த்தே பார்ப்பது இதனால்தான்.

கீழவைப்பார் மாதிரி கடலோர ஊரை எடுத்துக்கோங்க. தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 30 கி.மீ. 2021 டிசம்பரில் வந்த 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் காசு கவலை இல்லை. அருமையான திட்டம். ஆனா மூளையில் ரத்தம் கசியும் பிள்ளைக்கு அந்த 30 கி.மீ.யை எந்தத் திட்டமும் குறைக்காது.

அபராதம்? 2019 திருத்தச் சட்டப்படி அதிவேகத்துக்கு காருக்கு 1000 முதல் 2000 ரூபாய், லாரி, பஸ்ஸுக்கு 2000 முதல் 4000. தொகை போதும். ஆனா போலீஸ் நிக்கிறது என்னைக்கோ ஒருநாள். அன்னைக்கும் எதிரே வர்ற அண்ணாச்சி லைட்டை அடிச்சுக் காட்டி உஷார்படுத்திடுவார்! (நல்ல மனசுதான், என்ன செய்ய.)

அதனால என் ஓட்டு வேகத்தடைக்கு. லைட் அடிச்சாலும் அது இடத்தை விட்டு நகராது. பள்ளிக்கு முன்னும் பின்னும், வெள்ளை பெயின்ட், எச்சரிக்கைப் பலகையோடு. பெயின்ட் இல்லாத வேகத்தடையில் விழுந்த பைக்காரர்களுக்கும் நான் தையல் போட்டிருக்கேன்.

மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ன்னு கிராம சபை கூடுது. அதில் தீர்மானம் போடுங்க. அந்த நகலோட திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்க. பள்ளி மணி அடிக்கிற நேரம், விடுற நேரம் ரெண்டையும் மறக்காம எழுதுங்க.