மிஷின் மேல் போட்ட பழி

உடுமலைப்பேட்டை அருகே ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். சோதனை முடியாத நூலைத் தற்காலிக அனுமதி கொடுத்து வெளியே விட்டேன். வந்த நஷ்டம் வேறொருவர் தலையில் விழுந்தபோது வாயைத் திறக்கவில்லை.

தற்காலிக அனுமதி தப்பான காரியம் அல்ல. சூலூர் விமானப்படைத் தளத்தின் தேஜஸ் போர் விமானங்களையே பாருங்கள். 2013 டிசம்பரில் அவற்றுக்குக் கிடைத்தது ஆரம்பநிலை அனுமதிதான். இறுதி அனுமதி 2019 பிப்ரவரியில் வந்தது. ஆனால் 2016 ஜூலையிலேயே 45-ஆம் படைப்பிரிவு அவற்றைப் பெங்களூரில் ஏற்றுக்கொண்டது. 2018-ல் சூலூருக்கு வந்தது. எழுதிவைத்த எல்லைக்குள் விமானிகள் பறந்தார்கள். வானிலேயே எரிபொருள் நிரப்புவதும், கண்ணுக்கு எட்டாத இலக்கைத் தாக்கும் ஏவுகணையும் சோதனையில் தேறிய பிறகே இறுதி அனுமதியில் சேர்ந்தன. எது இன்னும் பாக்கி என்பது ஓட்டுகிற விமானிக்குத் தெரியும்.

நான் கொடுத்த அனுமதியில் பாக்கி என்ன என்று ஒரு வரிகூட இல்லை. அன்று புதுப் பஞ்சு மிக்ஸிங்கில் ஏறியிருந்தது. அதன் மைக்ரோனேர் (இழையின் நுண்மையைக் காட்டும் அளவு) ரிப்போர்ட் வரவில்லை. மைக்ரோனேர் மாறினால் சாயம் பிடிப்பதும் மாறும். வெள்ளைத் துணியில் தெரியாது, சாயம் ஏறியதும் குறுக்கே பட்டை பட்டையாகத் தெரியும். புதுக் கோன்களைப் பழையவற்றோடு சேர்த்து ஓட்டாதீர்கள் என்று எழுதியிருக்கலாம். எழுதினால் லாரி நிற்கும், மேலே பதில் சொல்ல வேண்டும். பழைய லாட் நம்பரிலேயே அனுப்பச் சொன்னேன். ரிப்போர்ட் பிறகு வந்தது. வித்தியாசம் பெரிது. ஃபைலில் வைத்து மூடினேன்.

திருப்பூரில் சில நிட்டிங் மிஷின்களை வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவர் அந்த நூலை ஓட்டினார். துணியில் பட்டை. மிஷின் சரியில்லை என்று எக்ஸ்போர்ட்காரர் டெபிட் போட்டு, நிட்டிங் கூலியில் பிடித்துக்கொண்டார். ஜாப் ஒர்க்காரர் எனக்குப் போன் செய்தார்.

"நூல்ல ஏதாச்சும் இருக்குங்களா சார்?"

"நூல் நல்லாத்தாங்க இருக்கு. மிஷினைப் பாருங்க."

ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டே இதைச் சொன்னேன். நிலுவையில் இருந்த சோதனையை விட இந்தப் பொய்தான் பெரிய குற்றம். என்னை நம்பி அவர் ஊசிகளை எல்லாம் மாற்றினார், அதுவும் கடன் வாங்கி.

அண்ணா, உங்க மிஷின்ல ஒரு குறையும் இல்லைங்க. அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு உங்களோட எக்ஸ்போர்ட்காரர்கிட்ட நான் வர்றேன். ஊசிக்கு ஆன காசையும் நானே தர்றேனுங்க.