கல் குளிர்ந்திருந்தால்

ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தில் இடம்பெற முடியாத கடன்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். சற்று நீண்ட பதிவு, பொறுத்தருள்க. குளிர்காலத்தில் கரியடுப்பு மூட்டும் பழக்கமுள்ள நண்பர்கள் இறுதிப் பகுதியையேனும் படித்துவிட வேண்டுகிறேன்.

இமாச்சலப் பிரதேசத்தின் சிம்லா மாவட்டத்தில் பேசப்படும் மகாசுவி மொழியின் வினையெச்சங்களை இரண்டு ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறேன். மேற்குப் பகாடிக் குழுவைச் சேர்ந்த இம்மொழியை யுனெஸ்கோ அழிவை எதிர்நோக்கும் மொழிகளின் வரிசையில் வைத்துள்ளது. கள ஆய்வுக்காக நான் தங்கியிருந்தது நார்கண்டாவுக்கு அருகே, ஓர் ஆப்பிள் தோட்டத்து வீட்டில். ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரம். சனவரி இரவுகள் உறைநிலைக்குக் கீழே இறங்கிவிடும். அவ்வீட்டு மூதாட்டியை நான் அம்மாஜி என்றழைப்பேன். அவர் என்னைப் 'பேட்டா' என்பார். என் ஒலிப்பதிவுகளில் பாதிக்கு மேல் ஒலிப்பது அவர் குரல்தான்.

அவ்வீட்டில் முதலில் என்னைக் கவர்ந்தது ஒரு சொல். தில்லியில் தந்தூர் என்றால் ரொட்டி சுடும் மண் அடுப்பு. மலையில் தந்தூர் என்பது அறையின் நடுவே நிற்கும் இரும்புக் கணப்பு. அதன் புகைக்குழாய் கூரையைத் துளைத்து வெளியே செல்லும். அக்காடிய மொழியில் 'தினூரு' என்றும், பாரசீகத்தில் 'தனூர்' என்றும் வழங்கிய சொல் இவ்வளவு தொலைவு நடந்து வந்து பொருள் மாறி நிற்கிறதே என்று மகிழ்ந்து குறிப்பெடுத்தேன். புகைக்குழாயைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

அம்மாஜியின் மகன் தில்லியில் பணிபுரிபவர். சென்ற குளிர்காலத்தில் பெற்றோருக்கென ஒரு செராமிக் கரியடுப்பை வாங்கி வந்தார். 'கமாடோ' என்னும் ஜப்பானியப் பெயர் கொண்டது. முட்டை வடிவம், தடித்த சுவர், கனமான மூடி. உடன் இரண்டு துணைக்கற்கள்: கனலின் நேர்வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் தகடு ஒன்று, ரொட்டி சுடும் வட்டக்கல் ஒன்று.

ஒரு மாலை, குடும்பத்தினர் அனைவரும் கூடியிருந்தபோது, தீ மூட்டும் பொறுப்பை நானே முன்வந்து ஏற்றேன். வட்டக்கல் ஒரு வாரமாக முற்றத்தில் கிடந்தது. அதன்மேல் பனி பெய்து, உருகி, மீண்டும் உறைந்திருந்தது. துணியால் துடைத்தேன், காய்ந்துவிட்டதென்று நம்பினேன். மூடியிலிருந்த வெப்பமானி 300 டிகிரி செல்சியசைக் கடந்திருந்தது. கல்லை நேரே கனலின்மேல் இருந்த கம்பி வலையில் வைத்தேன். சில நிமிடங்கள் கழித்து, ரொட்டியை இடுவதற்காக மூடியைத் திறந்த கணத்தில் பட்டாசு வெடித்தாற்போல ஓர் ஒலி. கல் இரண்டாகப் பிளந்து சரிந்தது, கங்குகள் சிதறின. அருகில் நின்றிருந்த ஐந்து வயதுப் பேரனின் கம்பளிக் கைப்பகுதியில் ஒன்று விழுந்தது. நான் திகைத்து நின்றேன். அம்மாஜி தம் வெறுங்கையால் அதைப் பற்றி எறிந்தார். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அம்மாஜியின் உள்ளங்கையில் கொப்புளம் எழுந்தது.

பனி வலுத்தது. செய்த பிழையை ஈடுசெய்யும் பதற்றத்தில் அடுத்த பிழைக்கு ஆயத்தமானேன். சக்கரம் பொருத்திய அவ்வடுப்பைக் கனலோடு கண்ணாடி அடைத்த தாழ்வாரத்துக்குள் தள்ளிவிடலாம் என்றேன். அம்மாஜி குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். "பேட்டா, இதற்குக் குழாய் எங்கே இருக்கிறது?" என்றார். தம் இளமையில் பக்கத்து ஊரில் தோட்ட வேலைக்கு வந்த இருவர் அறையை அடைத்து, கரிச்சட்டியை நடுவில் வைத்துத் தூங்கியதையும், காலையில் எழாததையும் சுருக்கமாகச் சொன்னார். அன்றிரவு எல்லோரும் இரும்புத் தந்தூரின் அருகே அமர்ந்து பருப்பும் சோறும் உண்டோம்.

நிகழ்ந்ததன் காரணத்தைப் பின்னர் படித்தறிந்தேன். செராமிக் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். அடிப்பக்கம் கொதிக்கும்போது மேற்பக்கம் குளிர்ந்தே இருக்கும். ஒரு பக்கம் விரிய, மறுபக்கம் விரிய மறுக்கும். உலோகமாயின் வளைந்து கொடுக்கும். செராமிக் வளையாது, பிளக்கும். அழுத்தத்தைத் தாங்கும் வலிமை அதற்கு மிகுதி. இழுவிசையைத் தாங்கும் வலிமை குறைவு. ஆகவே திடீரெனச் சூடாவதைவிடத் திடீரெனக் குளிர்வது கொடிது: குளிரும் மேற்பரப்பு சுருங்க முயன்று தன்னைத்தானே இழுத்துக் கிழித்துக்கொள்கிறது. இதோடு நீரும் சேர்ந்துகொள்ளும். நுண்துளைகளில் புகுந்த நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருத்து, கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். சூடேறும்போது அதே நீர் ஆவியாகி வழி தேடும். நான் துடைத்தது கல்லின் மேற்பரப்பை மட்டுமே.

இவ்வளவும் தெரிந்தபின் ஒரு நாள், ஆய்வேட்டின் மூன்றாம் இயலுக்காகப் பழைய ஒலிப்பதிவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்துக்காட்டு 47. விபத்துக்கு மூன்று மாதங்கள் முன்பு பதிந்தது. சிறுவயதில் தட்டைக்கல்லில் ரொட்டி சுட்டதைப் பற்றி அம்மாஜி சொல்கிறார்: "கல் குளிர்ந்திருந்தால் தீயைச் சிறிதாக வை, தீயோடு சேர்ந்து கல்லும் மெல்லச் சூடேறட்டும்." அதன்கீழ் என் குறிப்பு: "நிபந்தனைப் பொருள். தமிழின் செயின் என்னும் வாய்பாட்டு எச்சத்தோடு ஒப்பிடத்தக்கது. வினைவடிவம் தெளிவு." உருபன் உருபனாகப் பிரித்திருக்கிறேன். பொருள்கூட எழுதியிருக்கிறேன். அவர் எனக்கு ஒன்றைச் சொல்கிறார் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

மொழித்தரவாளர் என்று நாம் பெயரிட்டுவிட்டால் அவர் தருவது தரவாகிவிடுகிறது. தரவை யாரும் கடைப்பிடிப்பதில்லை. அழியும் மொழியோடு அறிவும் அழிகிறது என்று நிதிநல்கை விண்ணப்பங்களில் நானும் எழுதியிருக்கிறேன். அந்த அறிவு என் கணினியில் மூன்று மாதம் பத்திரமாக இருந்தது. அதற்கான விலையை வேறொருவர் உள்ளங்கை கொடுத்தது.

இனி நண்பர்களுக்கு. செராமிக் கற்களைக் குளிர்காலத்தில் வெளியே விடாதீர்கள். வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வையுங்கள். அவற்றை நீரில் ஊறவைக்க வேண்டாம். சுரண்டித் துடைத்தாலே போதும். கனன்று எரியும் தீயின்மேல் குளிர்ந்த கல்லை வைக்காதீர்கள். தீ சிறிதாக இருக்கும்போதே கல்லை உள்ளே வைத்து, காற்றுத்துளைகளைச் சிறிது சிறிதாகத் திறந்து இரண்டையும் ஒன்றாகச் சூடேற்றுங்கள். சூடான கல்லின்மேல் உறைந்த இறைச்சியையோ தண்ணீரையோ இடாதீர்கள். வேலை முடிந்ததும் துளைகளை அடைத்து, கல்லை அடுப்புக்குள்ளேயே ஆறவிடுங்கள். பனியிலோ குளிர்ந்த தரையிலோ எடுத்து வைக்க வேண்டாம். ஈரம் உறைந்து மூடி ஒட்டிக்கொண்டால் வலிந்து இழுக்காதீர்கள். மூடியைத் திறக்கும்போது குழந்தைகள் எட்டி நிற்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. தில்லியிலும் சண்டிகரிலும் விடுதி அறைகளில் அங்கீட்டி மூட்டிக் குளிர்காயும் மாணவர்களை அறிவேன். புகையில்லாமல் சிவந்து கிடக்கும் கரியும் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் பிடித்துக்கொள்ளும். உறக்கத்தில் இருப்பவரை அது எழுப்பாது. கரியடுப்பு எதுவாயினும் திறந்த வெளியில் மட்டுமே. தாழ்வாரத்திலும் வேண்டாம், சன்னலைச் சிறிது திறந்து வைத்தும் வேண்டாம்.

எடுத்துக்காட்டு 47இன் குறிப்பை நான் அழிக்கவில்லை; இலக்கணம் சரியாகத்தான் இருக்கிறது. கீழே ஒரு வரி சேர்த்துள்ளேன்: "கூற்றின் நோக்கம்: அறிவுரை. கேட்பவர்: ஆய்வாளர்." நெறியாளர் இதற்கு விளக்கம் கேட்டால் இந்தப் பதிவைக் காட்டுவேன்.