நிறுத்தும் பொத்தான்

வீட்டு விளக்கை ஏற்றுவதற்குச் சுவரிலுள்ள ஆளி போதும். அரிசி ஆலையொன்றின் 11 கிலோவாற்று மோட்டருக்கு அது ஏன் போதாது? தொழிலக மின்வேலை பயிலப் புகும் இளைஞர் முதலிற் கேட்கும் வினா இதுவே. பாடசாலைப் பௌதிகத்தில் ஓமின் விதியை மனனஞ் செய்து தேறியவர்க்கும் இதற்கு விடை உடனே தோன்றுவதில்லை.

அத்தகைய மூவவத்தைத் தூண்டல் மோட்டர், 400 வோல்ற்றில் முழுச் சுமையுடன் ஓடும்போது, ஏறத்தாழ 22 அம்பியரையே பெறும். நின்ற நிலையிலிருந்து எழும் கணத்திலோ அதன் ஆறு மடங்கு வரை இழுக்கும். இதனைத் தணிக்கவே ஸ்டார்-டெல்டா முறை வழக்கில் வந்தது. தொடக்கத்திற் சுருள்களை ஸ்டாராக இணைத்தால் ஒவ்வொன்றிற்கும் 231 வோல்ற்றே கிடைக்கும். வழங்கற் கம்பியில் ஓட்டம் மூன்றிலொன்றாகக் குறையும். முறுக்கு விசையும் அவ்வாறே மூன்றிலொன்றாகும். ஆகவே நெல் நிரம்பிய ஆலையை இம்முறையில் எழுப்ப முயல்வது வீண். வெறுமையாக ஓடவிட்டு, டெல்டாவுக்கு மாறிய பின்னரே நெல் இடவேண்டும்.

இவ்வளவும் கணிதம். யாழ்ப்பாணத்துப் பட்டறையொன்றிற் பயின்ற இளைஞனொருவனுக்குக் கணிதம் தடையாயிருக்கவில்லை. கட்டுப்பாட்டுச் சுற்றின் வரைபடமே அவனைப் பல நாள் அலைக்கழித்தது. பாடநூலில் 'ஆளி' என்று கற்றது பட்டறையிற் 'சுவிச்சு' ஆயிற்று; மின்காந்தத்தால் மூடித் திறக்கும் பெரிய ஆளிக்கோ 'கொன்டாக்டர்' என்ற ஒரே பெயர்தான். நம் கலைச்சொல்லாக்கம் வகுப்பறை வாசலோடு நின்றுவிட்டமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

"ஒரு சுவிச்சைப் போட்டால் முடியாதோ, அண்ணை? ஏன் இரண்டு பொத்தான்?" என்று அவன் கேட்டான்.

"தம்பி, கரண்ட் போனவுடனை ஒருத்தன் பெல்ற்றைச் சரிபார்க்கக் கையை விடுவான். கரண்ட் திரும்பி வந்தால் அந்தக் கை என்னாகும்?"

2022ஆம் ஆண்டில் நாள்தோறும் பல மணிநேரம் மின்வெட்டு நிகழ்ந்தமையை அறிந்தோர்க்கு இவ்வினாவின் பாரம் விளங்கும். சாதாரண ஆளி போட்டது போட்டபடி கிடக்கும். மின் மீண்டதும் மோட்டர் தானே எழும். பொத்தான் சுற்றிலோ, தொடக்கும் பொத்தானை அழுத்தியதும் கொன்டாக்டர் மூடி, தன் துணைத் தொடுகையொன்றின் வழியே தனக்கு வேண்டிய மின்னைத் தானே பெற்றுக்கொள்கிறது. விரலை எடுத்தாலும் பிடி விடாது. மின் போனாற் பிடி விடும். ஒருவர் வந்து மறுபடி அழுத்தும்வரை மோட்டர் அசையாது.

நிறுத்தும் பொத்தான் இயல்பில் மூடியிருப்பதும் இதே எண்ணத்தினாலேயே. அழுத்தும்போது மூடும் பொத்தானை வைத்திருந்தால், அதன் கம்பி அறுந்ததை எவரும் அறியார். ஆபத்து வேளையில் அழுத்திய பின்னரே தெரியவரும். மூடியிருக்கும் பொத்தானின் கம்பி அறுந்தால் மோட்டர் அக்கணமே நிற்கும். மிகைச்சுமை ரிலேயின் தொடுகையும் இதே தொடரில் அமைகிறது. மூன்று அவத்தைகளில் ஒன்று அறுந்து மோட்டர் முனகி வெந்துபோவதைப் பெரும்பாலும் தடுப்பது அதுவே. தொடக்க ஓட்டத்தைத் தாங்குமாறு தெரிந்த உருகி அதனைக் கவனியாது விட்டுவிடும். ஸ்டார், டெல்டா கொன்டாக்டர்கள் இரண்டும் ஒருசேர மூடினால் அவத்தைகள் நேரே குறுக்கிணைந்துவிடும் என்பதால், ஒன்றின் சுருள் மற்றதன் தொடுகை வழியாகவே மின் பெறுமாறு பூட்டப்படுகிறது.

சுற்றை முடித்த மாலையில், மோட்டரை இணைக்க அண்ணை விடவில்லை. மின்னைத் துண்டித்து, நிறுத்தும் பொத்தானின் கம்பியொன்றைக் கழற்றச் சொன்னார். பின் மின் கொடுத்து அவன் தொடக்கும் பொத்தானைப் பன்முறை அழுத்தினான். கொன்டாக்டர் அசையவேயில்லை.

"சரி, கம்பியைப் பூட்டு. நாளைக்கு மோட்டர்" என்றார் அவர்.