பெந்தெகொஸ்தேக்கு முன்னும் பின்னும்

மே 9, 2024, வியாழன். பரமேறுதல் திருநாள்

பரிசுத்த ஆவியானவரை வரவேற்கும் வழக்கம் கிறிஸ்தவத்தில் காத்திருப்பில் தொடங்குகிறது. இயேசு பரமேறியபின் சீடர்கள் எருசலேமில் ஒரு மேல்வீட்டறையில் தங்கி ஜெபித்தார்கள். கூடியிருந்தவர்கள் ஏறக்குறைய 120 பேர் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். வரப்போவது எப்படி இருக்கும், எந்த நாளில் வரும் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஊரைவிட்டுப் போகாமல் இருங்கள் என்பது மட்டுமே கட்டளை. கத்தோலிக்கர் தங்கள் நவநாள் ஜெபத்துக்கு இந்த இடைவெளியையே மூலமாகக் காட்டுவார்கள். பெந்தெகொஸ்தேக்கு முந்தைய ஒன்பது நாட்களும் எல்லாப் பங்குகளிலும் ஆவியானவரை நோக்கி ஜெபிக்க வேண்டும் என்று திருத்தந்தை 13-ஆம் லியோ 1897-இல் சுற்றுமடல் எழுதினார்.

பாளையங்கோட்டையின் இந்த வீட்டில் காத்திருப்பு வேறு வகை. பக்கவாதம் வந்த அம்மா மருத்துவமனையிலிருந்து திரும்பியாயிற்று. வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு இல்லை. ஓய்வுநாள் பள்ளிக்குப் பாடம் எழுதிய பழைய நோட்டில் மீந்திருந்த பக்கங்களை மகள் எடுத்திருக்கிறார். பாடம் போல எழுதினால்தான் நாட்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன.

மே 10, வெள்ளி

கஞ்சி இறங்கவில்லை. இருமல்.

மே 12, ஞாயிறு

ஆவியானவரை அழைப்பது தனிப்பட்ட உணர்ச்சியை நம்பி விடப்பட்ட காரியமல்ல. பழைய சபைகள் அதற்கு வழிபாட்டில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கின்றன. அப்பமும் ரசமும் மேஜைமேல் இருக்க, ஆவியை அனுப்பும்படி பிதாவை வேண்டுவது கீழைச் சபைகளின் நற்கருணையில் மிக முக்கியமான தருணம். தென்னிந்தியத் திருச்சபை 1950-இல் தனக்கென அமைத்துக்கொண்ட நற்கருணை ஆராதனையிலும் அந்த வேண்டுதல் உண்டு. அப்பத்தையும் ரசத்தையும் மட்டுமல்ல, கூடியிருப்பவர்களையும் சேர்த்துப் பரிசுத்தமாக்கும்படி அது கேட்கிறது. இந்த இரண்டாவது பாதி பலர் காதிலும் விழுவதில்லை. அந்நேரம் கண் மேஜைமேல் இருக்கும்.

ஆராதனை முடிந்து குருவானவர் வீட்டுக்கு வந்தார். மருந்துப் பட்டைகளை ஒதுக்கிவிட்டு முக்காலியில் வெள்ளைத் துணி விரித்தார். அப்பத்தில் நகக்கண் அளவு கிள்ளி, ரசத்தில் தோய்த்துக் கொடுத்தார். விழுங்க நெடுநேரம் ஆயிற்று. அதுவரை அவர் அடுத்த ஜெபத்துக்குப் போகவில்லை.

மே 14, செவ்வாய்

சத்தமாக அழைப்பவர்களும் உண்டு. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் வரலாற்றை 1906-இல் லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெருவிலிருந்து தொடங்குவது வழக்கம். திருநெல்வேலிக்காரர்கள் அதை மறுத்துப் பேச நியாயம் உண்டு. அதற்கு 46 ஆண்டுகள் முன்பே, 1860-இல், இந்தச் சீமையின் கிறிஸ்தியான்பேட்டையில் ஓர் எழுப்புதல் நடந்தது. ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் நடத்திய சபை அது. மிஷனரி சங்கங்களின் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர், நாட்குறிப்பு எழுதும் பழக்கமுள்ளவர். அங்கே ஜனங்கள் நடுங்கினார்கள், பாவத்தை அறிக்கையிட்டு அழுதார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள், அந்நிய பாஷை பேசினார்கள். மிஷனரிகளில் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். ஆகவே சத்தம் இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல, இறக்குமதியும் அல்ல.

இன்று மாலை தெருக்கோடி ஜெபவீட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று கைதட்டிப் பாடி ஜெபித்தார்கள். மின்விசிறிச் சத்தம் கேட்கவில்லை. “வாயத் தொறந்து ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்க பெரியம்மா. விசுவாசம் இருந்தா இப்பவே பேச்சு வந்துரும்” என்றார் நடுவில் நின்றவர். அம்மாவின் இடது கை போர்வை ஓரத்தைச் சுருட்டியது. கண்ணில் நீர். அதை அபிஷேகத்தின் அடையாளம் என்றார்கள்.

பவுல் கொரிந்துச் சபைக்கு எழுதியதை இவர்கள் ஒருதரம் நிதானமாக வாசித்திருக்கலாம். அந்நிய பாஷையை அவர் தடுக்கவில்லை. ஆனால் சபையில் புரியும்படி பேசும் ஐந்து வார்த்தையை, புரியாத பதினாயிரத்துக்கும் மேலே வைத்தார். வரங்களை வரிசைப்படுத்திய கையோடு அன்பைப் பற்றிய அதிகாரத்தையும் எழுதினார். பேச்சிழந்த ஒருத்தியிடம் பேச்சையே காணிக்கையாகக் கேட்பது எந்த வரிசையில் சேரும்?

காபி கொடுத்து அனுப்பியாயிற்று. மூவரில் இளையவர் மட்டும் பின்தங்கி, ஈரமாயிருந்த விரிப்பை உருவி மாற்றிவிட்டுப் போனார்.

மே 15, புதன்

தூக்கமில்லை. பாடமும் இல்லை.

மே 19, ஞாயிறு. பெந்தெகொஸ்தே

கிரேக்க, ரஷ்ய மரபுச் சபைகளில் ஒரு விநோதமான ஒழுங்கு உண்டு. ஆவியானவரை “வந்து தங்கும்” என்று அழைக்கும் சிறு ஜெபம் ஒன்றோடுதான் அவர்களுடைய அன்றாட ஜெபங்கள் தொடங்கும். உயிர்த்தெழுதல் பண்டிகையிலிருந்து பெந்தெகொஸ்தே வரை அதைச் சொல்லமாட்டார்கள். அந்த ஐம்பது நாட்களில் முழங்காற்படியிடுவதும் இல்லை. 325-இல் கூடிய நிக்கேயா சங்கம் அதற்கு விதியே எழுதிவைத்தது. பெந்தெகொஸ்தே அன்று ஜெபமும் முழங்காலும் சேர்ந்து திரும்பி வருகின்றன. இந்த ஏற்பாட்டில், பரமேறுதலுக்குப் பின் சும்மா காத்திருந்த சீடர்களின் நிலை ஆண்டுதோறும் உடம்பிலேயே பழகிப்போகிறது.

ஜெபிக்க வார்த்தை இல்லாதவர்களைப் பற்றி ரோமர் நிருபத்தின் எட்டாம் அதிகாரம் பேசுகிறது. எதை எப்படிக் கேட்பது என்று தெரியாத இடத்தில், சொல்லில் அடங்காத பெருமூச்சோடு ஆவியே வேண்டுகிறார் என்கிறார் பவுல். பிரசங்கத்தில் இது பலவீனருக்கு ஆறுதலாக வரும். நிருபத்தில் யாருக்கும் விலக்கு இல்லை. சிருஷ்டி முழுவதும் தவிப்பதைச் சொல்லிவிட்டுத்தான் பவுல் இதற்கு வருகிறார்.

காலை பத்து மணிக்கு ஆலயத்தின் ஒலிபெருக்கியில் கீர்த்தனை தொடங்கியது. இரண்டாம் அடியில் அம்மாவும் சேர்ந்துகொண்டார். முனகல் அல்ல, வார்த்தைகள். சரணம் வரைக்கும்! சமையலறையிலிருந்து எல்லாரும் ஓடிவந்தார்கள். பாட்டு முடிந்ததும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு வாய் கோணி ஒரு சத்தம் மட்டும் வந்தது.

மே 20, திங்கள்

ஸ்பீச் தெரபிஸ்ட் வியக்கவில்லை. மூளையின் இடதுபக்கம் அடிபட்டுப் பேச்சிழந்தவர்களில் பலருக்குப் பாட்டும், மனப்பாடமான ஜெபமும், எண்களை வரிசையாகச் சொல்வதும் தங்கிவிடுமாம். சொந்தமாக ஒரு வாக்கியம் கட்டுவதுதான் போய்விடுகிறது. தினமும் பாடவைக்கச் சொன்னார்.

மே 22, புதன்

ஆவியால் நிரப்பப்பட்டவர் என்று வேதாகமம் பெயர் சொல்லி முதலில் குறிப்பிடுவது பெசலெயேலை. அவர் தீர்க்கதரிசி அல்ல, ஆசாரியரும் அல்ல. பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் எல்லாவற்றிலும் வேலை தெரிந்த கைவினைஞர். ஆசரிப்புக் கூடாரத்தின் பணிமுட்டுகளைச் செய்ய அவருக்குத் தேவ ஆவி தரப்பட்டதாக யாத்திராகமம் 31-ஆம் அதிகாரம் சொல்கிறது.

புதிய ஏற்பாட்டில் இதற்கு இணை நடபடிகள் ஆறாம் அதிகாரம். அன்றாடப் பந்தி விசாரணையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள், முணுமுணுப்பு எழுந்தது. சோறு பங்கிட ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்ன அப்போஸ்தலர்கள், நற்சாட்சியோடு ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். பந்தி பரிமாற அவ்வளவு தகுதி எதற்கு என்று தோன்றும். விடுபட்ட விதவைகளின் பக்கமிருந்து பார்த்தால் அப்படித் தோன்றாது. ஸ்தேவான் அந்த எழுவரில் ஒருவர். அவர் இரத்தசாட்சியாக மரித்தது நினைவிருக்கும் அளவுக்கு, பந்தி விசாரித்தது சபைகளில் நினைவில்லை.

ஜெபவீட்டு இளம்பெண் நேற்றும் இன்றும் மூன்று மணிக்கு வந்தார். கட்டிலில் கிடப்பவரை இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஒற்றை ஆளால் இடுப்பை நகர்த்த முடிவதில்லை. அவர் விரிப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்து, “இழுங்கக்கா” என்றார். வேறெதுவும் பேசவில்லை. எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கவும் இல்லை.

மே 23, வியாழன்

இடுப்பில் சிவப்பு. படுக்கைப்புண்ணா தெரியவில்லை.

மே 28, செவ்வாய்

நாள் முழுதும் தேவ சமுகத்தை உணர்ந்திருக்கலாமா என்று முயன்றவர்களில் இருவர் அடிக்கடி பேசப்படுகிறார்கள். 1691-இல் மரித்த சகோதரர் லாரன்ஸ், பாரிஸில் கார்மேல் சபை மடத்தின் சமையல்காரர். அவரைப் பற்றிச் சொல்பவர்கள் பாத்திரச் சத்தத்தின் நடுவே கிடைத்த சமாதானத்தைச் சொல்வார்கள். சமையல் வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது என்பதை விட்டுவிடுவார்கள். பிடிக்காத வேலையை ஆண்டுக்கணக்கில் செய்தவர் என்று சேர்த்துச் சொன்னால்தான் அவர் சமாதானத்துக்குப் பொருள் உண்டு. மற்றவர் ஃபிராங்க் லாபாக். பிலிப்பைன்ஸின் மிந்தனாவோ தீவில் 1930-இல் இருந்தபோது, ஒவ்வொரு நிமிடமும் தேவனை நினைப்பது என்று ஒரு சோதனையில் இறங்கினார். அதைப் பற்றி அப்பாவுக்குக் கடிதம் எழுதினார்; தோற்ற நாட்களையும் மறைக்கவில்லை. முயற்சியில் ஒருவகைப் பள்ளிக்கூடக் கண்டிப்பு தெரிகிறது. இந்த வீட்டில் நிமிடக் கணக்கு நடக்காது. அலாரம் இரண்டு மணிக்கொருதரம்தான் அடிக்கிறது.

ஜூன் 2, ஞாயிறு

ஆவியானவரைத் துக்கப்படுத்தலாம் என்கிறது எபேசியர் நிருபம், அவித்துப்போடலாம் என்கிறது தெசலோனிக்கேயர். முதல் எச்சரிக்கை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு முன்வரி கெட்ட பேச்சைப் பற்றியது. பின்வரி கசப்பு, கோபம், கூக்குரல் ஆகியவற்றைப் பற்றியது. பெரிய பாவங்களின் பட்டியல் நடுவே அல்ல, வீட்டுக்குள் ஒருவரோடொருவர் பேசும் விதத்தின் நடுவே.

மருமகளுக்கும் மகளுக்கும் காலையிலேயே வாக்குவாதம், டயப்பர் வாங்கிய கணக்கில். அம்மா விழித்திருந்தார்.

ஜூன் 9, ஞாயிறு

பெந்தெகொஸ்தேக்குப் பின் மூன்றாம் ஞாயிறு. பீடத்தில் சிவப்பு போய்ப் பச்சை வந்துவிட்டது. அட்வெந்து வரை ஞாயிறுகளை இப்படி எண்ணிக்கொண்டே போவார்கள். ஆவியானவருக்கென்று இனித் தனிப் பண்டிகை இல்லை.

இடுப்பில் சிவப்பு மறைந்தது. பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை. சென்னையிலிருந்து மூத்த மகன் பேசினார். சுகமளிக்கும் கூட்டம் ஒன்றுக்கு அம்மாவை வேன் வைத்துக் கூட்டிப்போக வேண்டும் என்கிறார். சுகமாக்கும் வரமும் பவுலின் வரிசையில் இருக்கிறதே என்று கேட்டார். இருக்கிறது. அத்தனை தூரம் உட்காரவைத்துக் கொண்டுபோக முடியுமா என்று பிசியோவிடம் கேட்க வேண்டும். அம்மாவிடமும் கேட்க வேண்டும். ஆம், இல்லை என்பதற்கு இடது கையை அசைத்துக் காட்டப் பழக்கிவருகிறார்கள், இன்னும் பிடிபடவில்லை. வேனுக்கு முன்பணம் கட்டுவதா என்று மகன் இரண்டுமுறை கேட்டுவிட்டார். பதில் சொல்லவில்லை.