கல்லடைப்பும் கைமருந்தும்

பதுளை, பசறை, மடுல்சீமைத் தோட்டங்களில் கல்லடைப்பு கண்டவர் பலர் முதலில் நாடுவது கைமருந்தையே. விலாவிற் பிறந்து அடிவயிற்றுக்கு இறங்கும் அவ்வலிக்குச் சிறுபீளையை அவித்துக் கொடுப்பர் லயத்து முதியோர்; சிங்கள மக்கள் பொல்பலா என்பதும் அதனையே. நெருஞ்சிலும் வாழைத்தண்டுச் சாறும் அடுத்து வரும்.

இதனை அறியாமை என்று ஒதுக்குதல் நீதியன்று. ஆஸ்பத்திரிக்குச் சென்றால் அன்றைய பேர் விழாது. பஸ் கூலியும் வேண்டும். மேலும், கஷாயத்தில் ஓர் உண்மை உண்டு. உடலில் நீர் குறைவதே கல் விளைவதற்குப் பெருங்காரணம். கொழுந்து மலையில் மலசலகூடம் இல்லாமையால் பெண்கள் பலர் பகலெல்லாம் நீர் அருந்தாதிருப்பர். அவர்களுக்குக் கஷாயத்தோடு உட்செல்லும் நீரே பாதி மருந்து. 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கற்களுட் பெரும்பாலானவை தாமே வெளியேறிவிடும். புகழோ மூலிகையைச் சேரும்.

ஆயினும், பச்சிலையாதலின் தீங்கில்லை என்னும் துணிவு கேடானது. சிறுநீரகக் கற்களுட் பெரும்பாலானவை கல்சியம் ஒட்சலேற்றால் ஆனவை. வீட்டு முற்றத்துப் பிலிங்காயிலும் காமரங்காயிலும் அந்த ஒட்சலேற்று மிகுதி. கறிக்குச் சிறிது சேர்ப்பது வேறு. மருந்தென்று சாறு பிழிந்து வெறுவயிற்றில் அருந்துவது வேறு. கேரளத்தில் பிலிங்காய்ச் சாறு அருந்திய 10 பேரின் சிறுநீரகங்கள் திடீரெனப் பழுதுற்றமையை மருத்துவர்கள் 2013இல் எழுதினர். காமரங்காயால் அவ்வாறு பாதிக்கப்பட்ட இருவரைப் பற்றி இலங்கை மருத்துவர்கள் 2015இல் எழுதினர். நீரிழிவு உள்ளவர்க்கும், முன்னரே சிறுநீரகம் நலிந்தவர்க்கும் ஆபத்து அதிகம். நலிவோ ஓசையின்றி வருவது. பதுளை மாவட்டத்துக் கிராந்துருகோட்டைப் பகுதியில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பலரைப் பற்றியிருப்பதை நாடறியும்.

ஆகவே, கைமருந்துக்கு ஓர் எல்லை வேண்டும். வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் கண்டாலோ, சிறுநீர் நின்றாலோ, வாந்தி ஓயாவிட்டாலோ கஷாயத்தை அடுப்பிலேயே விட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்படவேண்டும். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி புகுந்தால் உயிருக்கே இடர் நேரும். ஒருநாட் பேரைக் கருதித் தாமதித்தல் தகாது. அங்கே மருத்துவர், "என்ன அவித்துக் குடித்தீர்கள்?" என்று ஏளனமின்றிக் கேட்கவேண்டும். ஏசுவாரோ என்னும் அச்சத்தால் நோயாளி மறைக்கும் மூலிகையே பலவேளை நோயை அறியும் வழியை அடைத்துவிடுகிறது.

இவற்றுக்கெல்லாம் முந்திய மருந்து ஒன்றுண்டு: மலையிலே குடிக்க நல்ல நீரும், பெண்கள் ஒதுங்க ஒரு மறைவிடமும். அவற்றைக் கொடுக்கவேண்டியவர் வைத்தியர் அல்லர், தோட்டத்தை நடத்துவோரே.